திரையில் விளையும் நெல்: இரண்டு விளையாட்டுகளும் ஒரு கண்மாய்ப் பாசன வயலும்

கார்த்திகை மாதத்து மாலை. ஆலங்குடிப் பக்கம் உள்ள அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வயலில் இருந்து வந்த அத்தான் மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் காலைக் கழுவினார். திண்ணையின் மறுகோடியில் கல்லூரியில் படிக்கும் மகன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"தண்ணி பாய்ச்சுறேன்பா."

"எங்க?"

"வயல்லதான்."

அத்தான் என்னைப் பார்த்தார். "கேட்டியா மாப்ளே? இங்க மடையில குப்பை அடைச்சுக்கிட்டு தண்ணி ஏறல. இவன் செல்லுல பாய்ச்சுறானாம்."

கோபம் நியாயமானதுதான். ஆனால் பையனின் திரையை எட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவன் சுட்டுத் தள்ளும் விளையாட்டு எதையும் ஆடவில்லை. விதை வாங்கி, நிலத்தைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, அறுத்து விற்றுக்கொண்டிருந்தான். விவசாயம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை, இரவு பதினொரு மணி வரை விரும்பிச் செய்வதும் விவசாயமாகவே இருக்கிறது. அப்படி அதில் என்ன இருக்கிறது? நம் வயலுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா? இந்தக் கேள்விகளோடு, உலகில் அதிகம் பேசப்பட்ட இரண்டு விவசாய விளையாட்டுகளைச் சில வாரங்கள் அவனோடு சேர்ந்து ஆடிப் பார்த்தோம். ஒன்று அமெரிக்காவில் உருவான 'ஸ்டார்டியூ வேலி'. மற்றொன்று ஜப்பானில் உருவான 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்'. இரண்டிலும் விவசாயத்தோடு சேர்ந்து காடு, மலை, சுரங்கம் என்று தேடித் திரியும் வேலையும் உண்டு.

தாத்தா விட்டுப்போன நிலம்

ஸ்டார்டியூ வேலி 2016 பிப்ரவரியில் வெளியானது. எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி ஆளாக உழைத்து இதை உருவாக்கினார். படம், இசை, கதை எல்லாமே அவர் கைவேலை. இதுவரை 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. கணினியிலும் செல்போனிலும் ஆடலாம்.

கதை நமக்குப் பழக்கமானது. நகரத்தில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து அலுத்துப்போன ஒருவருக்குத் தாத்தா எழுதிவைத்த கடிதம் கிடைக்கிறது. கிராமத்தில் தாத்தாவின் நிலம் கல்லும் புதரும் மண்டிக் கிடக்கிறது. கையில் 500 காசும், பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கின் விதை 15-ம் மட்டுமே. அங்கிருந்து தொடங்க வேண்டும்.

விளையாட்டில் ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். ஒவ்வொரு பயிருக்கும் ஏற்ற பருவம் உண்டு. பருவம் மாறிய மறுநாளே அந்தப் பருவப் பயிர் பட்டுப்போகும். பார்ஸ்னிப் 4 நாளில் விளையும். 20 காசு விதை, 35 காசுக்கு விலை போகும். நீலப் பழமான புளூபெரி 13 நாளில் காய்க்கத் தொடங்கி, பிறகு 4 நாளைக்கு ஒரு முறை பறிப்புக்கு வரும். ஆகவே பருவத்தின் 20-ம் நாளில் அதை நட்டால் ஒரு பறிப்புகூடக் கிடைக்காது. ஆடுபவர் முடிவு நாளில் இருந்து பின்னோக்கி எண்ணித்தான் நட வேண்டும்.

தேடல் என்பது இங்கே சுரங்கம். ஊருக்கு வடக்கே 120 தளங்கள் கொண்ட சுரங்கம் இருக்கிறது. மேல் தளங்களில் செம்பு, அதற்குக் கீழே இரும்பு, அடியில் தங்கம். பூச்சிகளையும் பூதங்களையும் விரட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கிடைக்கும் உலோகத்தைக் கொல்லரிடம் கொடுத்தால் மண்வெட்டியும் பூவாளியும் தரம் உயரும். ஒரு செம்புக் கட்டியும் ஓர் இரும்புக் கட்டியும் சேர்த்தால் சுற்றியுள்ள நான்கு கட்டங்களுக்குத் தானாகவே தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான் ஒன்று செய்யலாம். தெளிப்பான் வந்த பிறகு காலை நேரம் மிச்சமாகும். மிச்சமான நேரத்தில் இன்னும் ஆழமாகச் சுரங்கத்துக்குப் போகலாம். கருவி வாங்கினால் கூலி மிச்சம், அந்த மிச்சத்தில் அடுத்த வேலை என்ற கணக்கு இதில் நன்றாகப் புரிகிறது.

நெல்லுக்காகவே ஒரு விளையாட்டு

சகுனா 2020 நவம்பரில் வந்தது. எடல்வைஸ் என்ற மிகச் சிறிய குழு செய்தது. 2024-ல் இதே கதை தொலைக்காட்சித் தொடராகவும் ஜப்பானில் ஒளிபரப்பானது. கணினியிலும் விளையாட்டுக் கருவிகளிலும் ஆடலாம்.

சகுனா ஒரு குட்டித் தெய்வம். அம்மா விளைச்சலின் தெய்வம், அப்பா போர்த் தெய்வம். செல்லமாக வளர்ந்து, வேலை எதுவும் செய்யாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தவறு ஒன்றில் சிக்கி, அரக்கர்கள் வாழும் தீவுக்கு அனுப்பப்படுகிறாள். கூடவே பிழைக்க வழியில்லாத சில மனிதர்களும் வருகிறார்கள். அங்கே இருப்பது பாழடைந்த வீடும் ஒரு சிறு வயலும். நெல் விளைந்தால்தான் எல்லோருக்கும் சோறு. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் சகுனாவின் பலம் கூடும். நெல் எவ்வளவு விளைந்தது, அரிசி எவ்வளவு சுவை, எவ்வளவு மணம் என்பதைப் பொறுத்தே அவளால் அரக்கர்களோடு சண்டையிட முடியும். வயல் சரியில்லை என்றால் மலையேற முடியாது.

இதில் பயிர் ஒன்றே ஒன்றுதான், நெல். ஆனால் அதன் ஒவ்வொரு படியையும் கையால் செய்ய வேண்டும். நிலத்தைக் கொத்திக் கல் பொறுக்குவது, சேறோ உப்போ கலந்த நீரில் விதையைக் கொட்டி மிதக்கும் பதரை நீக்குவது, நாற்று விடுவது, ஒவ்வொரு நாற்றாக நடுவது, களை பறிப்பது, மடையைத் திறந்தும் மூடியும் தண்ணீர் மட்டத்தை வைப்பது, அரிவாளால் அறுப்பது, கட்டிக் காயவைப்பது, அடிப்பது, உரலில் குத்தித் தவிடு நீக்குவது என்று எல்லாமே உண்டு. நாற்றை நெருக்கி நட்டால் ஒரு விளைவு, கலக்க நட்டால் வேறு விளைவு. பின்னால் வயலில் வாத்து விடும் வசதியும் வரும்.

விளையாட்டு வெளியான நேரத்தில் ஜப்பானில் ஒரு வேடிக்கை நடந்தது. இதில் விளைச்சலைக் கூட்ட வழி தெரியாமல் திணறிய இளைஞர்கள், அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தில் நெல் சாகுபடிப் பக்கங்களைத் தேடிப் படித்தார்கள். அரசின் விரிவாக்கக் குறிப்புகள் விளையாட்டு வெல்லும் வழிகாட்டி ஆகிவிட்டன என்று பத்திரிகைகள் எழுதின. விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் வீடு வீடாகப் போய்க் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை அங்கே பிள்ளைகள் தேடிப் போய்ப் படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது, அதுதான் காரணம்.

இந்த விளையாட்டின் தேடலும் வயலோடு கட்டியது. காட்டிலும் குகையிலும் கிடைக்கும் பொருட்கள், மிச்சமான உணவு, கழிவு எல்லாம் உரக்குழிக்குப் போகும். உரத்தின் சத்தை இலைக்கானது, மணிக்கானது, வேருக்கானது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அத்தானிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். "தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. அதானே? நம்ம ஊரு உர மூட்டைக் கணக்கைத்தான் அவனும் எழுதியிருக்கான்." ஜப்பானிய உழவர்களும் தழைச்சத்தை இலைக்கு உரியதாகவும், மணிச்சத்தைக் கதிருக்கு உரியதாகவும், சாம்பல்சத்தை வேருக்கு உரியதாகவும் சொல்வது வழக்கம்.

அப்பா சொன்ன திருத்தம்

பையன் சகுனாவில் முதல் இரண்டு ஆண்டும் சுமாரான விளைச்சலே எடுத்தான். இந்த விளையாட்டில் ஒரு பருவம் 3 நாள், ஓர் ஆண்டு 12 நாள். மூன்றாம் ஆண்டு நடவின்போது அத்தான் பின்னால் வந்து நின்றார். திரையில் எழுதியிருந்த ஆங்கிலம் அவருக்குப் புரியாது. வயல் புரிந்தது.

"ஏன் இப்படி நெருக்கி நடுற? காத்து போக வேணாமா?"

அடுத்த நாள் மறுபடி வந்தார். "எத்தன நாளா தண்ணிய நிறுத்தி வெச்சிருக்க? வடி. பயிர் தூர் கட்டணும்ல."

பையன் வடித்தான். நாற்றைக் கலக்கி நட்டான். அந்த ஆண்டு விளைச்சல் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. அன்றைக்குத்தான் அவன் அப்பாவிடம் வயலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். "நம்ம வயல்லயும் இப்படித்தான் வடிக்கிறியாப்பா?"

இதற்கு வேளாண் துறை சொல்லும் பதிலும் அதுதான். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக நடச் சொல்கிறார்கள். தண்ணீரை எப்போதும் தேக்காமல், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும்போது மறுபடி பாய்ச்சச் சொல்கிறார்கள். கோனோ வீடர் உருட்டிக் களையை அங்கேயே மடக்கி அழுத்தச் சொல்கிறார்கள். விதைத் தேர்வும் அப்படியே. உப்புக் கரைசலில் நல்ல முட்டை ஒன்றைப் போட்டால் அது மேலே வந்து நாலணா அளவுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கரைசலில் மிதக்கும் விதையை நீக்கிவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டும். சகுனாவில் பிள்ளைகள் செய்வதும் இதையே.

ஒரே பார்வையில்

தண்ணீர்: ஸ்டார்டியூவில் தண்ணீர் ஊற்றாவிட்டால் பயிர் சாகாது, அன்றைக்கு வளராது. மழை பெய்தால் அன்றைய வேலை மிச்சம். எவ்வளவு பெய்தாலும் பயிர் அழுகாது. சகுனாவில் தண்ணீரின் அளவே விளைச்சலைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று.

மண்ணும் உரமும்: ஸ்டார்டியூவில் உரம் போட்டால் விளைபொருளின் தரம் உயரும். சகுனாவில் எந்தச் சத்து, எப்போது, எவ்வளவு என்று யோசிக்க வேண்டும்.

பயிர்: ஸ்டார்டியூவில் பல வகைக் காய்கறி, பழம், பூ, கால்நடை, மீன். சகுனாவில் நெல் மட்டும்.

விற்பனை: ஸ்டார்டியூவில் வீட்டு வாசலில் உள்ள பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில் பணம் வந்துவிடும். சகுனாவில் நெல் விற்பனைக்கு அல்ல, சாப்பாட்டுக்கும் பலத்துக்கும்.

தேடல்: ஸ்டார்டியூவில் சுரங்கம் கருவிகளைத் தருகிறது. சகுனாவில் காடும் மலையும் உரத்தையும் உணவையும் தருகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்டார்டியூ பண்ணையை நடத்தும் கணக்கைச் சொல்லித் தருகிறது. சகுனா பயிரை வளர்க்கும் பக்குவத்தைச் சொல்லித் தருகிறது. நம் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் ஆடச் சொல்வதென்றால் நெல் விளையும் ஊர்க்காரர்களாக நாம் சகுனாவையே சொல்வோம்.

பின்னோக்கி எண்ணும் பழக்கம்

ஸ்டார்டியூவில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம், பருவ முடிவில் இருந்து பின்னோக்கி எண்ணுவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக் காலத்து ஆறுகள். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மற்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான்.

ஆகவே நமக்குப் பருவத்தின் கடைசி நாள் என்பது கண்மாயில் தண்ணீர் தீரும் நாள். மழை தாமதித்து, கார்த்திகையில்தான் கண்மாய் நிரம்புகிறது, தை முடிவு வரைதான் தண்ணீர் நிற்கும் என்றால், 135 நாள் ரகத்தை நட்டுவிட்டுக் கடைசி இரண்டு தண்ணீருக்கு மோட்டாரைத் தேடி அலைவதில் பயன் இல்லை. கோ 51, ஆடுதுறை 45 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்கள் இருக்கின்றன. விதை வாங்கும் முன் தண்ணீர் நிற்கும் நாட்களை எண்ணிப் பார்ப்பதை 28 நாள் கணக்குப் போடும் பிள்ளையிடம் கொடுத்தால் சரியாகச் செய்துவிடுவான்.

இரண்டாவது பாடம் மதிப்புக் கூட்டல். ஸ்டார்டியூவில் பழத்தைப் பீப்பாயில் ஊறவைத்துப் பானமாக்கினால் மூன்று மடங்கு விலை. ஜாடியில் போட்டுப் பதப்படுத்தினால் இரண்டு மடங்குக்கு மேல். நம் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிப் பலா மரத்தடியில் குவியும்போது என்ன விலை போகிறது, அதையே சுளை எடுத்துச் சிப்ஸ் போட்டால் என்ன விலை என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் விளையாட்டில் பீப்பாய் செய்தால் போதும். இங்கே உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொட்டலம், வாங்கும் ஆள், கெடாமல் வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

மூன்றாவது, தினக் கணக்கு. ஸ்டார்டியூவில் ஒவ்வொரு நாள் இரவும் படுக்கப் போகும்போது அன்றைய விற்பனை வரவு பயிர், மீன், சுரங்கம் என்று தனித்தனியாகத் திரையில் வரும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். அதில் ஒரு குறையும் இருக்கிறது. வரவை மட்டும்தான் காட்டும், செலவைக் காட்டாது. நம் வீடுகளிலும் பல ஆண்டுகளாக அதேதான் நடக்கிறது. நெல் விற்ற பணம் நினைவில் இருக்கும். உழவுக்கும் நாற்றுப் பறிக்கும் நடவுக்கும் மருந்துக்கும் போன பணம் எந்த நோட்டிலும் இருக்காது.

நம் ஊர்த் தேடல்

சகுனா மலையில் ஏறி உரத்துக்குப் பொருள் தேடுவதைப் பார்த்து அக்காதான் சொன்னார். "நாங்களும் அப்படித்தான் திரிஞ்சோம். பூவரசந்தழை, கொழிஞ்சி, வேப்பங்கொழுந்துன்னு கட்டிட்டு வந்து வயல்ல மிதிப்போம்." கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் மண்ணை வண்டியில் அள்ளி வந்து மேட்டு வயலில் கொட்டுவதும் அந்தத் தேடலில் ஒரு பகுதி. மழைநீர் வரும் வரத்துவாரியைக் கூட்டாகச் சேர்ந்து வெட்டி விடுவதும் அப்படித்தான்.

அந்த வழக்கத்தை மறுபடி பிடிக்க இன்றும் வழி இருக்கிறது. கண்மாய் வண்டலை விவசாயப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இன்றி எடுக்கத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். சிட்டாவும் அடங்கலும் தேவைப்படும். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். திரையில் எலும்பும் இலையும் பொறுக்கி உரக்குழியில் போடும் பிள்ளைக்கு, வீட்டுக் கொல்லையில் ஒரு மண்புழு உரத் தொட்டி அந்நியமாகத் தெரியாது.

விளையாட்டில் இல்லாதவை

இரண்டு விளையாட்டுகளும் மறைப்பவை எவை என்பதையும் பிள்ளைகளிடம் பேச வேண்டும். இல்லையேல் விவசாயம் என்றால் சொகுசு என்று நினைத்து இறங்கி, முதல் ஆண்டிலேயே மனம் உடைவார்கள்.

ஸ்டார்டியூவில் ஆயிரம் கிழங்கைக் கொண்டு போனாலும் விலை குறையாது. நமக்கு வரத்து கூடினால் கீரமங்கலத்துப் பூவின் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பவும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை வரும்.

இரண்டு விளையாட்டிலும் நகைக் கடன் இல்லை, வட்டி இல்லை. நடவுக்கு ஆள் தேடி நான்கு நாள் அலைய வேண்டியதில்லை. ஸ்டார்டியூவில் காக்கையை விரட்டச் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று போதும். நம் கடலைக் காட்டில் மயிலும் பன்றியும் பொம்மையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

ஸ்டார்டியூவில் பழமரம் நட்ட 28-ம் நாள் முழு மரமாகிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்தில் சாய்ந்த தென்னையும் பலாவும் ஒரு தலைமுறை உழைப்பு. அவற்றுக்கு ஈடாக நட்ட கன்றுகள் பலன் தரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாட்டில் ஒரு நாள் சரியாகப் போகவில்லை என்றால், தூங்கப் போகும் முன் அணைத்துவிட்டு அதே நாளைக் காலையில் இருந்து மறுபடி தொடங்கலாம். நம்மிடம் அந்த வசதி இல்லை. அதனால்தான் பயிர்க் காப்பீட்டை அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு முன்பே கட்டிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

விரிவாக்கப் பணியாளர்கள் செய்யக்கூடியவை

1. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான கூட்டங்களில் சகுனாவின் ஓர் ஆண்டுச் சாகுபடியைப் பெரிய திரையில் ஆடிக் காட்டலாம். ஊரின் மூத்த விவசாயிகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். பாடம் அவர்கள் வாயில் இருந்து வரும்.

2. அடுத்த நாளே அதே வேலையை வயலில் செய்ய வைக்க வேண்டும். உப்புக் கரைசல் விதைத் தேர்வுக்கு ஒரு வாளியும் ஒரு முட்டையும் போதும். நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணச் சொல்லலாம். நெல்லில் 80-க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம்.

3. இலைவண்ண அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நிறம் பார்த்து யூரியா போடுவதை அவர்கள் ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். மூட்டைக் கணக்கில் போடும் பழக்கம் குறையும்.

4. உழவன் செயலியை அவர்கள் செல்போனில் ஏற்றச் சொல்லுங்கள். மானியம், விதை இருப்பு, சந்தை விலை ஆகியவற்றைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்வது வீட்டில் பிள்ளையின் வேலையாகட்டும்.

5. வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், அங்கேயே உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையத்துக்கும் இளைஞர்களை ஒரு நாள் அழைத்துப் போகலாம். குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. தேடித் திரிவதில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு மாவட்டத்துக்குள்ளேயே இடம் உண்டு.

பெற்றோர் கவனிக்க

இந்த இரண்டும் ஒரு முறை விலை கொடுத்து வாங்குபவை. ஆட ஆடப் பணம் கேட்கும் விளையாட்டுகள் வேறு. செல்போனில் இலவசம் என்று வரும் சில பண்ணை விளையாட்டுகள் பயிர் சீக்கிரம் விளையப் பணம் கட்டச் சொல்லும். அப்பாவின் வங்கிக் கணக்கு இணைந்த போனில் அவற்றை ஏற்றவிடாதீர்கள். இரண்டிலும் தமிழ் இல்லை, எழுத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். சகுனாவில் அரக்கர்களோடு சண்டை அதிகம் என்பதால் சிறு பிள்ளைகளைத் தனியாக விடாமல் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. எந்த விளையாட்டானாலும் நேரக் கட்டுப்பாடு அவசியம். ஸ்டார்டியூவில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய கால் மணி நேரம். "இன்னும் ஒரு நாள்" என்று சொல்லியே விடிய வைத்துவிடுவார்கள்.

இருபது சென்ட்

தை கடைசியில் அத்தான் வயலில் அறுவடை முடிந்தது. ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிக்க வேண்டும். பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கிணத்து மேட்டுப் பக்கம் இருபது சென்டு எனக்கு விடுப்பா. நானே பாக்குறேன்."

அத்தான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று இரண்டு ஆண்டாக அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. ஆனா ஒண்ணு, செலவை எழுதி வெக்கணும். வரவை மட்டும் இல்ல" என்றார்.

பையன் வம்பன் உளுந்து விதை இரண்டு கிலோ வாங்கி வந்தான். உயிர் உரம் கலந்து, நிழலில் உலர்த்தி, மறுநாள் காலையில் அப்பா சொன்னபடி கைவீச்சில் தெளித்தான். பாதி இடத்தில் நெருக்கம், பாதி இடத்தில் கலக்கம். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, கலக்கமாக விழுந்த இடத்தில் மட்டும் ஒரு பிடி தெளித்துவிட்டுப் போனார்.

அன்று இரவு அவன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மூன்று வரி எழுதியிருந்தான். விதை, உயிர் உரம், அறந்தாங்கி போய்வந்த பஸ் காசு. நான்காவது வரியில் 'அப்பா கூலி' என்று எழுதி, தொகை போடாமல் விட்டிருந்தான். என்ன போடுவது என்று என்னிடம் கேட்டான். அப்பாவிடமே கேட்கச் சொன்னேன்.